வேர்க்கும் சுவர்

கண்டிக்குப் பக்கத்து வத்தேகமவில் எங்களுக்கு ஒரு பெயர் உண்டு. "சுவரை நக்கிப் பார்த்து வீடு வாங்கினவங்க." மீன் கடையில், பஸ் நிற்கும் இடத்தில், பேக்கரியில், எங்கே போனாலும் யாராவது ஒருவர் அதைக் கேட்டுச் சிரிக்காமல் விடுவதில்லை. முதலில் எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வரப் பெரிய காரணம் தேவையில்லை. என் கணவரைக் கேட்டால் காரணமே தேவையில்லை என்பார். இப்போது பழகிவிட்டது. ஆனால் ஆளாளுக்கு ஒரு விதமாகக் கதை கட்டிக்கொண்டு திரிவதால், நடந்ததை நானே எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. முதல் வேலையாக ஒன்றைத் திருத்திவிடுகிறேன். நக்கிப் பார்த்தது நான் இல்லை.

நான் கண்டியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். கணவருக்கு டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை. பிள்ளைகள் இல்லை. ஒருவருடைய வீட்டு மேல்மாடியில் தடுத்துக் கொடுத்த இரண்டு அறைகளில் வாடகைக்கு இருந்தோம். இரண்டு பேருக்கு அது போதுமாகத்தான் இருந்தது.

அம்மா ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில், நான் பிறந்த அதே காம்பராவில் இருந்தாள். கொழுந்து பறிக்கிற வேலையை விட்ட பிறகும் அந்தக் காம்பராவை விடவில்லை. ஒரு மழைக்காலத்தில் காம்பராவின் பின்சுவரில் ஈரம் கசிய ஆரம்பித்தது. அம்மா துணியால் துடைத்தாள். மறுநாளும் கசிந்தது. தோட்டத்தில் பொறுப்பானவரிடம் போய்ச் சொன்னாள். அவர் வந்து பார்த்துவிட்டு, மழைக்காலத்தில் எல்லாச் சுவரும் இப்படித்தான் என்று சொல்லிப் போய்விட்டார். அம்மா அதைக் கேட்டு அடங்குகிற ஆள் இல்லை. அன்று பின்னேரமே துணிமணியைக் கட்டிக்கொண்டு, பக்கத்துக் காம்பராக்காரர்களையும் திட்டி இழுத்துக்கொண்டு கீழே கோயிலுக்குப் போய்விட்டாள். விடிந்து பார்த்தால் லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண் மட்டும் இருந்தது. எங்கள் லயத்தில் எல்லோரும் தப்பினார்கள். மேல் லயத்தில் அப்படி இல்லை. அதைப் பற்றி அம்மா பேச மாட்டாள், நானும் கேட்பதில்லை.

அதற்குப் பிறகு அம்மா எங்களோடு வந்துவிட்டாள். வந்தாளே தவிர, தூங்கவில்லை. வெயில் நாட்களில் ஏதோ கொஞ்சம் கண் மூடுவாள். மழை என்றால் அவ்வளவுதான். காலில் செருப்பைப் போட்டுக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, உள்ளங்கையைச் சுவரில் வைத்துக்கொண்டே இருப்பாள். நோயாளியின் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார்களே, அப்படி. டொக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். "மாத்திரையப் போட்டுட்டு நான் தூங்கிட்டா செவர யாரு பாக்குறது?" என்று கேட்டுவிட்டு அதையெல்லாம் தலையணைக்குக் கீழே சேர்த்து வைத்தாள். கண்டியில் மழைக்குக் குறைவா? ஆள் பாதியாகிப் போனாள். சேலை நிற்க மாட்டேன் என்றது. அம்மா இப்படியே போய்விடுவாளோ என்று எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. சொந்த வீடு, அந்தஸ்து, அதெல்லாம் பிறகு. அம்மா தூங்குகிற ஒரு வீடு எனக்கு வேண்டும். அதைத்தான் தேடினோம்.

வத்தேகம வீட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்து சொன்னது என் கணவர். வீதியோரத்தில் பழைய கால ஓட்டு வீடு. முன்பக்கம் ஒரு காலத்தில் கடையாக இருந்ததாம். பலகைக் கதவுகள் அப்படியே இருந்தன. அதைத் தாண்டினால் நீள விறாந்தை, சிவப்புச் சீமெந்துத் தரை, ஒரு முழத்துக்குக் குறையாத கனத்தில் கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய சுவர்கள், உயரமான மர யன்னல்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு முற்றம் விட்டு, அதற்கப்பால் மண்மேடு. மேட்டுக்குக் கருங்கல்லில் அணைச்சுவர் கட்டியிருந்தார்கள். என் கணவர் ஒவ்வொரு யன்னலாகத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். மனிதர் மயங்கிவிட்டார் என்பது அவர் யன்னல் கொக்கியைத் தடவியதிலேயே தெரிந்தது.

வீட்டுக்காரர் ஒரு முஸ்லிம் அம்மா. கணவர் மௌத்தாகி, பிள்ளைகள் கொழும்பில் குடியேறிவிட்டதால் தானும் அங்கே போவதற்காக விற்கிறார். நாங்கள் அவரை உம்மா என்றே கூப்பிட்டோம். "வாங்கொ மகள், இரிங்கொ" என்று கதிரையை இழுத்துப் போட்டு, தேத்தண்ணியோடு வட்டிலப்பமும் கொண்டுவந்து வைத்த கைகாரி. வீடு விற்கிறவரா, விருந்து வைக்கிறவரா என்று தெரியாத அளவுக்கு உபசாரம்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியாகப் பின்பக்கத்து அறை. "இது புள்ளைகள் படிச்ச ரூம்" என்றார் உம்மா. அம்மா உள்ளே போனாள். வழக்கம்போல உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள். கையை எடுத்துப் பார்த்தாள். ஈரம். சுவரில் இடுப்பளவு உயரத்துக்கு பெயிண்ட் கொப்புளித்து, உரிந்து, உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. ஊரெல்லாம் காய்ந்து கிடந்த மாசி மாதம் அது. மழை பெய்து எத்தனையோ நாளாகியிருந்தது.

அம்மா விறுவிறுவென்று விறாந்தையைத் தாண்டி, வீதியைக் கடந்து, எதிர்க்கடைத் தகரத்துக்குக் கீழே போய் நின்றுவிட்டாள். நான் ஓடிப்போய்க் கேட்டால், "அதே தண்ணிதான். கெளம்பு போவோம்" என்றாள். வாசலுக்கு வந்து நின்ற உம்மாவின் முகம் வெளிறிப் போயிருந்ததை நான் கவனித்தேன். எதையோ மறைக்கிறார் என்று அப்போதே என் மனதில் விழுந்துவிட்டது.

எனக்கு அந்த வீடு அன்றோடு செத்துப் போயிற்று. என் கணவருக்கு இல்லை. கட்டட வேலை தெரிந்த ஒரு மேசன் பாஸைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். பாஸ் குனிந்து பார்த்துவிட்டு, அடியில் ஊற்று இருக்கிறது, மலையிலிருந்து தண்ணீர் இறங்கி வீட்டுக்குக் கீழே ஓடுகிறது என்று சொல்லிவிட்டார். மலைநாட்டில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். காய்ந்த காலத்தில் சுவரில் தண்ணீர் வந்தால், மலை உள்ளுக்குள் ஏதோ செய்கிறது என்று அர்த்தம். அம்மாவுக்கும் அதுதான் அர்த்தம், எனக்கும் அதுதான். அந்த இடத்துக்கு மண்சரிவுப் பயம் இல்லை என்று முறையாக எழுதிக் கொடுத்த பத்திரம் உம்மாவிடம் இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். "பத்திரத்துக்கு முதுகுல மண்ணு விழுவுமா?" என்று கேட்டாள். பதில் இருந்தால் நீங்கள் சொல்லுங்கள்.

"போனா போவட்டும், வேற வீடு பாப்போம்" என்றேன் நான்.

"மலையில எந்த வீட்டுக்குப் போனாலும் ஒங்கம்மா கைய வைக்கத்தான் போறாங்க" என்றார் என் கணவர். "என்னா ஏதுன்னு ஒருத்தராவது சரியாப் பாத்துச் சொல்லட்டுமே."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. ஆனாலும் மறுநாள் எங்கள் பள்ளிக்கூடத்தில் வேதியியல் படிப்பிக்கிற யாழ்ப்பாணத்து டீச்சரிடம் பேசினேன். அவருடைய கணவர் பொறியியலாளர். பருத்தித்துறைக்காரர். வேலை செய்ததெல்லாம் கடற்கரையில்தான். வெளிநாட்டிலிருந்து வந்து காலிப் பக்கமும் யாழ்ப்பாணத்துக் கரையோரமும் பழைய வீடு வாங்குகிறவர்களுக்கு, வாங்கும் முன் அந்த வீட்டைக் கூரையிலிருந்து அத்திவாரம் வரை சோதித்து, எது உறுதி, எது உளுத்தது என்று சொல்வதுதான் அவருடைய தொழில். மனைவிக்குக் கண்டிக்கு மாற்றம் கிடைத்ததால் இங்கே இருந்துகொண்டு போய் வந்துகொண்டிருந்தார்.

ஃபோனில் கேட்டபோது மனிதர் சிரித்தார். "டீச்சர், மலையிலை எனக்கென்ன வேலை? நான் கடல் தின்ற வீடுகளைப் பாக்கிற ஆள். சரி, வந்து பாக்கிறன். ஆனா மலையைப் பற்றி என்னட்டைக் கேக்கப்படாது."

எனக்குப் போன நம்பிக்கை இன்னும் கொஞ்சம் போனது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். அம்மாவைத் தனியே விட முடியாததால் கூட்டிக்கொண்டு போனோம். அவள் நேராக எதிர்க்கடைத் தகரத்துக்குக் கீழே போய் நின்றுகொண்டாள். உள்ளே கால் வைக்க மாட்டாளாம். நாங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. வீடு முழுக்கச் சாம்பிராணிப் புகை. பின்பக்கத்து அறைக்குப் புதுசாக, பளபளவென்று இளம்பச்சை பெயிண்ட் அடித்திருந்தது. போன முறை நாங்கள் பார்த்த உரிந்த பெயிண்ட், வெள்ளைப் பொடி, ஒன்றையும் காணோம்.

"பாத்தீங்களா?" என்று என் கணவரின் காதில் சொன்னேன். "மறைச்சிட்டாங்க. சாட்சியையே பூசி மெழுகிட்டாங்க."

"மெதுவாப் பேசு."

"என்னாத்துக்கு மெதுவா? எங்கம்மா உயிரு."

பொறியியலாளர் எங்கள் இருவரையும் கண்டுகொள்ளவில்லை. ஏணியில் ஏறி ஓட்டுக்குக் கீழே டோர்ச் அடித்தார். கூரை மர வளைகளைச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். மரம் இரும்பு மாதிரி இருக்கிறது, கடற்கரையில் இப்படி ஒரு கூரை கிடைத்தால் கும்பிடலாம் என்றார். முன்னறை யன்னலுக்கு மேலே ஒரு வெடிப்பு ஓடியதைக் காட்டி நான் பதறினேன். அவர் டோர்ச்சைக் கிட்டே பிடித்தார். "உள்ளுக்கை பழைய பெயிண்ட் போயிருக்குப் பாருங்கோ. இது எப்பவோ வெடிச்சு, எப்பவோ ஓய்ஞ்சது." பின்முற்றத்துக்குப் போனார். அணைச்சுவரில் தண்ணீர் வெளியேற விட்டிருந்த ஓட்டைகளுக்குள் விரலை விட்டார். காய்ந்த தூசி. மேட்டில் நின்ற மரங்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்த்தார். மலையைப் பற்றிக் கேட்கக்கூடாது என்ற மனிதர் மலையையும் விடாமல் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அறையின் வெளிப்புறத்தில், சுவரடியில் அலவாங்கால் ஒரு குழி தோண்டச் சொன்னார். என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோண்டினார். முழங்கை ஆழம் தோண்டியும் மண் பொடியாகவே வந்தது.

"மலைத்தண்ணி எண்டால் இஞ்சை மண் ஈரமா இருக்கோணும்" என்று முணுமுணுத்தபடி அறைக்குள் வந்தார். புதுப் பெயிண்டில் உள்ளங்கையை வைத்தார். அடித்துச் சில நாள்கூட ஆகியிருக்காது, அதற்குள் அடியில் கொப்புளம் கிளம்பியிருந்தது. மலைப்பக்கத்துச் சுவரை விட்டுவிட்டு, அறைக்கும் நடைக்கும் நடுவே இருந்த உட்சுவரைத் தொட்டார். அதுவும் ஈரம்.

"மலைக்கும் இந்தச் சுவருக்கும் என்ன சம்பந்தம்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு கொப்புளத்தை நகத்தால் உரித்தார். உள்ளே வெள்ளைப் பொடி. அதைத் தொட்டுப் பார்த்திருந்தால் பரவாயில்லை. மனிதர் குனிந்து, சுவரில் நாக்கை வைத்தார்.

"அல்லாஹ்வே!" என்று அலறினார் உம்மா. "இந்த மனிசன் செவத்த நக்குறாரே!"

அவர் எதையும் கேட்கவில்லை. சப்புக்கொட்டினார். இன்னும் ஒரு அடி தள்ளிப் போய் மறுபடியும் நக்கினார். பிறகு நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு குழப்பம்.

"உப்பு" என்றார். "டீச்சர், இது அசல் உப்பு. கடற்கரை வீடுகளிலை நான் தினமும் பாக்கிற நோய். சுவருக்குள்ளை உப்பு ஏறினால் அது காத்திலை இருக்கிற ஈரத்தை இழுத்து இழுத்துக் குடிக்கும். வெயில் காலத்திலையும் வேர்க்கும். மழைக்காலத்திலை உப்புப் போத்தலைத் திறந்து வைச்சால் என்ன நடக்கும்? தண்ணி விடுமெல்லே? அதுதான். ஆனா கடலுக்கும் கண்டிக்கும் எவ்வளவு தூரம்! இந்தச் சுவருக்கு உப்பு எங்கையிருந்து வந்தது?"

நான் உம்மாவைப் பார்த்தேன். உம்மா தரையைப் பார்த்தார். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். பிறகு போட்டு உடைத்தார்.

"கருவாடு" என்றார்.

"என்ன?"

"கருவாடு மகள். எங்கட மாமா கருவாட்டு யாவாரம் செஞ்ச. முன்னுக்குக் கடை. பொறகால இந்த ரூம்ல தான் கருவாட்டுச் சிப்பமும் உப்பு மூட்டையும் கூரை மட்டும் அடுக்கி வச்சீந்த. நான் கலியாணம் முடிச்சி இந்த ஊட்டுக்கு வந்த நேரம், என்ட தலமயிர்லயும் கருவாட்டு வாசம், பட்டுச் சாரிலயும் கருவாட்டு வாசம். புள்ளைகள ஸ்கூல்ல கருவாடு கருவாடுன்னு கூப்புட்டு, அதுகள் அழுதுக்கிட்டு வரும். புள்ளைகள்ட வாப்பாவோட சண்ட புடிச்சி நான் தான் யாவாரத்த புடவைக்கடையா மாத்தின. அதுக்குப் பொறகு ஒவ்வொரு நோன்புக்கும் முந்தி இந்த ரூமுக்குப் பெயிண்ட் அடிக்கிற. இப்ப வாங்க வந்த ஆளுக்கிட்ட இது கருவாட்டு ரூம்னு எப்பிடி மகள் செல்லுற?"

"அப்ப அன்னைக்கு எங்கம்மா வெளிய ஓடுனப்போ..."

"அவங்களுக்கு வாசம் அடிச்சிட்டுதுன்னு நெனச்சேன்!" என்றார் உம்மா. "அதான் பெயிண்ட் அடிச்சி, சாம்பிராணியும் போட்ட."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான், பொய் சொல்லவில்லை. "உம்மா! மலை எறங்கப் போவுதுன்னு நாங்க உசுரக் கையில புடிச்சிக்கிட்டுக் கெடந்தோம்! கருவாடுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கத்தினேன். கத்தி முடிக்கும் முன்பே சிரிப்பு வந்துவிட்டது. என் கணவர் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். பொறியியலாளர், "சீமெந்துப் பூச்சையும் பிளாஸ்டிக் பெயிண்டையும் மேலை மேலை அடிச்சு, உள்ளை இருந்த உப்பைச் சிறை வைச்சிருக்கிறியள்" என்று உம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். உம்மாவும் சிரித்தார், அழுதார், இரண்டையும் ஒன்றாகச் செய்தார். என் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லைத் தூக்கி வெளியே போட்டது போல இருந்தது. மூச்சு விட முடிந்தது. அன்றுதான் எவ்வளவு நாளாக மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

ஆனால் அம்மா இன்னும் வீதிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

என் கணவர்தான் போய்க் கூப்பிட்டார். என்ன சொன்னாரோ தெரியாது, அம்மா வந்தாள். வாசற்படியில் ஒரு கணம் நின்று, கூரையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். பொறியியலாளர் உப்பு, காற்று, ஈரம் என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். அம்மா அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாளே தவிர, எதுவும் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே சுவருக்குப் போய், விரலால் அந்தப் பொடியைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு ருசி பார்த்தாள். பிறகு குனிந்து, உரிந்த இடத்தில் மூக்கை வைத்து நன்றாக இழுத்து மோந்தாள்.

"கட்டாக் கருவாடு" என்றாள்.

உம்மா வாயில் கை வைத்தார். "சரியாச் செல்றாங்க! மாமாக்கு கட்டா தான் கூட ஓடின."

"சாவாளையும் கொஞ்சம் கெடந்திருக்கும்" என்றாள் அம்மா. தோட்டத்தில் சம்பளம் கொடுத்த கிழமைகளில் கருவாட்டுக் குழம்பு வைத்தே எங்களை வளர்த்தவள். உண்மையில் அத்தனை வருடம் கழித்து வாசம் இருந்ததா, அல்லது எல்லோரும் சொன்னதால் அவளுக்கு மணத்ததா, எனக்குத் தெரியாது. நான் மோந்து பார்த்தபோது சாம்பிராணி மட்டும்தான் மணத்தது. அதை நான் வெளியில் சொல்லவில்லை.

அம்மா திரும்பிப் பொறியியலாளரைப் பார்த்தாள். "மலத்தண்ணி இல்லதானே?"

"இல்லை அம்மா. இது உப்புத்தான். ஆனா ஒண்டு சொல்லிப்போட்டன், மழைக்கு இந்தச் சுவர் வேர்க்கும். நல்லா வேர்க்கும். பயப்பிடாதேங்கோ."

"உப்புன்னா வேர்க்கத்தானே செய்யும்" என்றாள் அம்மா, அவருக்கே பாடம் எடுப்பதுபோல.

வாங்கிவிட்டோம். பொறியியலாளர் சொன்னபடி அந்த அறையின் சீமெந்துப் பூச்சை எல்லாம் கொத்திக் கீழே தள்ளினோம். சுவர் வெளிவிட்ட உப்பை ஈரம் படாமல் தும்புத்தடியால் கூட்டிக் கூட்டி எடுத்தோம். ஈரக் களிமண்ணை அப்பிக் காயவிட்டு உரித்தோம். உரித்த களிமண்ணோடு இன்னும் கொஞ்சம் உப்பு வந்தது. பிறகு பழைய முறைப்படி சுண்ணாம்புச் சாந்து பூசி, சுண்ணாம்பே அடித்தோம். பெயிண்ட் என்ற பேச்சே எடுக்கக்கூடாது என்பது கட்டளை. சுவரை மூச்சு விட விடவேண்டுமாம். அலுமாரியைக்கூட ஒட்டி வைக்கக் கூடாதாம். ஊற்று என்று சொன்ன அதே பாஸ்தான் வந்து பூசினார். வேலை செய்த நாளெல்லாம் என் கணவர் அவரைச் சும்மா விடவில்லை. "பாஸ், பாத்து, ஊத்து வந்து அடிச்சிட்டுப் போயிடும்." பாஸும் சிரித்துக்கொண்டே பூசினார். உம்மா கொழும்பிலிருந்து ஃபோன் பண்ணி, "வாசம் ஈக்கா மகள், இல்லையா? உண்மையச் செல்லுங்கொ" என்று கேட்பார். இல்லை என்று சொன்னாலும் நம்ப மாட்டார்.

குடிபுகும் நாளில் யாருக்கு எந்த அறை என்ற பேச்சு வந்தது. வீதிப்பக்கத்து அறையை அம்மாவுக்கென்று நான் தயார் பண்ணி வைத்திருந்தேன். மலைக்குத் தூரம், காற்று நன்றாக வரும், சுவர் எலும்புபோலக் காய்ந்திருக்கும். அம்மா அதற்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தன் பையைத் தூக்கிக்கொண்டு நேராகப் பின்பக்கத்து அறைக்குப் போனாள்.

"அம்மா, அந்த ரூமா? அது வேர்க்குற ரூமும்மா!"

"அதுக்குத்தான்" என்றாள். "இந்தச் செவரு எதுக்கு வேர்க்குதுன்னு எனக்குத் தெரியும். மத்த செவருங்களப் பத்தி எனக்கு என்னா தெரியும்?"

கணிதம் படிப்பிக்கிற எனக்கு அதில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை. என் கணவர் கட்டிலைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே போய்விட்டார்.

மழைக்கு இன்னும் நாள் இருந்தது. சித்திரை போனது. வெயிலில் அம்மா நன்றாகவே இருந்தாள். பக்கத்து வீட்டாரோடு பழகினாள். சந்தைக்குத் தனியாகப் போய் மரக்கறிக்காரனிடம் பேரம் பேசினாள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் இருப்புக் கொள்ளவில்லை. வெயிலில் எல்லோரும்தான் நன்றாக இருப்பார்கள். மழை வரும், சுவர் தண்ணீர் விடும், அம்மா கையை வைப்பாள், பிறகு உப்பாவது கருவாடாவது, எல்லாம் மறந்துபோய் மறுபடியும் செருப்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அப்படித்தான் நடக்கும் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். நடந்தால் அதன் பிறகு நான் எங்கே போவேன், எந்த வீட்டைப் பார்ப்பேன்? இதை என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

மழை ஒரு பள்ளிக்கூட நாளில் வந்தது. கடைசிப் பாடம் முடியும்போதே கண்டி இருட்டிவிட்டது. பஸ் கட்டுகஸ்தோட்டையைத் தாண்டும்போது முன் கண்ணாடியில் எதுவும் தெரியாத அளவுக்குக் கொட்டியது. வீதியோரக் கான் எல்லாம் நிரம்பி வீதியில் செம்மண் தண்ணீர் ஓடியது. அந்த நிறத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடியும் எடுத்தேன். இல்லை. பக்கத்தில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்து, "என்னங்க டீச்சர், சொகமில்லையா?" என்று கேட்டார். நான் மறுபடியும் அம்மாவின் நம்பரை அழுத்தினேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கிக் குடையை விரிக்கவும் தோன்றாமல் ஓடினேன். முன்கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டினேன். கூப்பிட்டேன். ஓட்டில் மழை விழுகிற சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. எங்காவது கிளம்பிப் போய்விட்டாளா? இந்த மழையில் கோயிலைத் தேடிப் போய்விட்டாளா? போயிருந்தால் கதவு எப்படி உள்ளே தாழ் போட்டிருக்கும்? விழுந்து கிடக்கிறாளா? சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பின்முற்றத்துக்கு ஓடி, அவளுடைய யன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தேன்.

சுவர் வேர்த்துக்கொண்டிருந்தது. இடுப்பளவு உயரத்துக்குக் கருத்து, பளபளத்துக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளிப் போட்டிருந்த கட்டிலில், சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அம்மா படுத்திருந்தாள். அசைவில்லை.

"அம்மா!" என்று யன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினேன். "அம்மா! அம்மா!"

போர்வை அசைந்தது. அம்மா மெதுவாகப் புரண்டாள். தலைமுடி கலைந்து, கன்னத்தில் பாய்க் கோடு பதிந்திருந்தது. பாதித் தூக்கத்தில் எழுப்பியவளைப் பார்க்கிற எரிச்சலோடு என்னைப் பார்த்தாள்.

"என்னாடி இது, ஊரையே கூட்டுற?"

"எவ்வளவு நேரமா கூப்புடுறேன்! ஃபோன எடுக்கல, கதவத் தெறக்கல... இந்த மழையில ஒங்களுக்கு என்னாச்சோ ஏதாச்சோன்னு..."

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நிற்கிற என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"மழையா?" என்றாள். "எப்ப பெஞ்சிச்சி?"